அளவுகோல் யார் கையில்?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் ஹார்வட் சர்வகலாசாலை மீதும் வட கரோலைனாச் சர்வகலாசாலை மீதும் தொடரப்பட்ட வழக்குகளில் தீர்ப்புக் கூறியது. மாணவரைத் தெரிவு செய்கையில் அவர்தம் இனத்தைக் கணக்கில் எடுத்தல் சட்டத்துக்கு முரண் என்பது பெரும்பான்மை நீதியரசர்களின் முடிபு. அன்று தொட்டு நம்மவரிற் சிலருக்குக் கால் நிலத்திற் பாவவில்லை. "பார்த்தீர்களா! உலகின் பெரும் ஜனநாயக நாடு தகுதிக்கே முதலிடம் என்று தீர்த்துவிட்டது. தரப்படுத்தலின் கொடுமையைப் பற்றி நாம் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை அமெரிக்க நீதிபதிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்!" என்று மேடையிலும் பேசுகிறார்கள், கலியாண வீட்டுப் பந்தலிலும் பேசுகிறார்கள், கடல் கடந்து வாழும் நம் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கடிதம் எழுதியும் பேசுகிறார்கள்.

இம் மகிழ்ச்சி அறியாமையிற் பிறந்த மகிழ்ச்சி என்பதை ஒளிவு மறைவின்றிச் சொல்ல விரும்புகின்றோம். தகுதி தீய கொள்கை என்று வாதிட நாம் வரவில்லை. பிறந்த குடியே ஒருவனுடைய தலைவிதி என்றிருந்த காலத்தில் அவ் விலங்கை உடைத்த சம்மட்டி அது. ஆயின் அமெரிக்காவில் அச் சம்மட்டியை யார் பிடித்திருந்தார்கள், அது எந்தக் கதவை உடைத்தது, எந்தக் கதவுக்கு ஆணி அறைந்தது என்பவற்றை அறியாமல், இன்னொருவர் வீட்டுச் சம்மட்டியை நம் தோளிற் சுமந்து திரிவது அறிவுடைமை ஆகுமா?

கதை ஜெபர்சனிடம் தொடங்குகிறது. ஜனாதிபதிப் பதவியினின்றும் இளைப்பாறிய தோமஸ் ஜெபர்சன், 1813ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி, தமக்கு முன் அப் பதவியை வகித்த ஜோன் அடம்சுக்கு ஒரு கடிதம் வரைந்தார். மனிதருள்ளே இயற்கை மேன்மக்கள் உளர். அவர்தம் மேன்மைக்கு ஆதாரம் நற்குணமும் ஆற்றலும். செல்வத்தாலும் பிறப்பாலும் உயர்வு கொண்டாடுவோர் போலி மேன்மக்கள். முன்னவரைப் பொறுக்கியெடுத்து ஆட்சியில் அமர்த்தும் அரசே சிறந்த அரசு என்பது அதன் சாரம். அதற்கு வெகு முன்னரே, 1779இல், வேர்ஜினியாச் சட்டசபைக்கென ஒரு கல்வி மசோதாவை அவர் வரைந்திருந்தார். ஏழைகளின் பிள்ளைகளையும் படிப்படியாகச் சல்லடையில் இட்டுச் சலித்து, எஞ்சும் கெட்டிக்காரரைப் பொதுச் செலவிற் கற்பிக்க வேண்டும் என்றது அம் மசோதா. அவர் வரைந்த வடிவில் அது சட்டமாகவில்லை என்பது வேறு விஷயம்.

எண்ணம் உயர்ந்ததே. ஆனால் அதை எழுதியவர் தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட மனிதரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர். அந்த 600 பேரின் பிள்ளைகளில் ஒருவர்தானும் அவருடைய சல்லடையில் இடப்படவில்லை. கடிதத்தைப் பெற்ற அடம்ஸ் அவ்வாண்டு நவம்பரில் எழுதிய பதிலில், இயற்கை மேன்மை, போலி மேன்மை என்று நீர் கீறும் கோடு உறுதியான நிலத்திற் கீறப்பட்டதன்று என்றார். அழகும் செல்வமும் குடிப்பிறப்பும் உலகில் ஆற்றலைப் போலவே வேலை செய்கின்றன. அவற்றை உடையவனுக்கு மக்கள் தாமாகவே தலைவணங்குகிறார்கள் என்று சுட்டிக் காட்டினார். ஜெபர்சனின் கடிதத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடம்சின் பதிலை நினைப்பார் சிலரே. நமக்கென்னவோ அடம்ஸ் கிழவரே உலகத்தை அறிந்தவராகத் தோன்றுகிறார்.

தகுதி காணும் சல்லடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் நிலை என்ன? வட கரோலைனா 1830இல் ஒரு சட்டம் இயற்றியது. அடிமைக்கு எழுத்தறிவித்தல் அச் சட்டத்தின்படி குற்றம். வெள்ளையர் ஒருவர் கற்பித்தால் 100 முதல் 200 டொலர் வரை தண்டம், அல்லது சிறை. எண் கணிதத்துக்கு மாத்திரம் விலக்கு உண்டு. எண்ணத் தெரிந்த அடிமை எசமானுக்குப் பயன்படுவான் அன்றோ! கற்பதைக் குற்றமாக்கிய இதே மாநிலம், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, கற்றிருந்தால்தான் வாக்குரிமை என்று சட்டம் செய்தது. இதனைப் பின்னர் விரிப்போம்.

உத்தியோகத் துறைக்கு வருவோம். 1829இல் ஜனாதிபதியான அன்ட்றூ ஜாக்சன், அரசாங்க வேலைகள் சாதாரண புத்தியுள்ள எவரும் செய்யத்தக்கவையே, அவற்றில் எவருக்கும் நிலைத்த உரிமை இல்லை என்றார். குடிப்பிறந்தோரின் பிடியை உடைக்க எழுந்த குரல் அது. நடைமுறையிலோ, தேர்தலில் வென்ற கட்சி உத்தியோகங்களைக் கொள்ளைப் பொருளாகப் பங்கிடும் வழக்கமாக முடிந்தது. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி, உத்தியோகம் கேட்டு ஏமாந்த கீற்றோ என்பவன் ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டான். செப்டம்பரில் அவர் இறந்தார். அந்தக் குண்டின் ஓசையிற் பிறந்ததுதான் 1883ஆம் ஆண்டின் பென்டில்டன் சட்டம். போட்டிப் பரீட்சையில் தேறியவருக்கே உத்தியோகம். கட்சிக்குப் பணம் கொடுக்கவில்லை என்பதற்காக எவரையும் நீக்கலாகாது. தொடக்கத்தில் சமஷ்டி அரசாங்க உத்தியோகங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இச் சட்டத்துள் அடங்கியது, பின்னர் விரிந்தது.

இது நல்ல சட்டம். அடிமை விலங்கு நீங்கிய மக்களின் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், தேறினார்கள், வாஷிங்டனில் திறைசேரியிலும் தபால் திணைக்களத்திலும் எழுதுநர்களாக அமர்ந்தார்கள். பரீட்சைத் தாளுக்குத் தோலின் நிறம் தெரியாது. அதுதான் தகுதியின் உண்மையான பெருமை. அதைத்தான் 1913இல் ஆட்சிக்கு வந்த வூட்றோ வில்சனின் நிர்வாகத்தினாற் பொறுக்க முடியவில்லை. பிறின்ஸ்டன் சர்வகலாசாலையின் தலைவராக இருந்த பேரறிஞர் அவர்! அவருடைய அமைச்சர்கள் கந்தோர்களில் கறுப்பின உத்தியோகத்தரைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். 1914இல் சிவில் சேவை ஆணைக்குழு புதிய விதியொன்று செய்தது. விண்ணப்பத்துடன் புகைப்படம் ஒன்றும் இணைக்கப்பட வேண்டும். பரீட்சையை எவரும் ஒழிக்கவில்லை. தகுதி என்ற சொல்லை எவரும் கைவிடவில்லை. முன்னிலையில் வந்த மூவருள் ஒருவரைத் தெரிவு செய்யும் அதிகாரம் திணைக்களத் தலைவனுக்கு ஏற்கெனவே இருந்தது. இப்பொழுது அந்த மூவரின் முகமும் அவன் மேசையில் இருந்தது. வேறென்ன வேண்டும்?

வாக்குரிமைக் கதை இதிலும் கொடியது. 1870இல் நிறைவேறிய பதினைந்தாம் திருத்தம் இனங் காரணமாக எவருடைய வாக்குரிமையையும் பறிக்கலாகாது என்று விதித்தது. தென் மாநிலங்களின் சட்ட வல்லுநர்கள் (நம் தொழிலைச் சேர்ந்தவர்கள்தாம், வெட்கத்துடன் சொல்கிறோம்) கூடி யோசித்தார்கள். இனம் என்ற சொல்லைச் சட்டத்திற் சேர்க்காமலே இனத்தை விலக்குவது எப்படி? தகுதியைச் சேர்! மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு அரசியல் திட்டம், மாநில அரசியல் திட்டத்தின் எந்தப் பகுதியையும் வாசிக்க வல்லவரே, அல்லது வாசிக்கக் கேட்டு விளங்கவோ தக்க விளக்கம் கூறவோ வல்லவரே வாக்காளர் என்றது. தக்க விளக்கம் எது என்று தீர்ப்பவர் யார்? வெள்ளைப் பதிவாளர்! படித்த கறுப்பின ஆசிரியர் தவறிவிடுவார். கைநாட்டு வெள்ளை விவசாயி தேறிவிடுவான். லூசியானா 1898இல் இன்னும் நேர்மையாக நடந்து கொண்டது எனலாம். 1867ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதியன்று எவனுடைய தந்தையோ பாட்டனோ வாக்காளனாக இருந்தானோ, அவனுக்கு எழுத்தறிவும் வேண்டாம், சொத்தும் வேண்டாம் என்றது. தகுதிக்குப் பாட்டன் வழித் தகுதி! 1896இல் அம் மாநிலத்தில் 1,30,334 கறுப்பின வாக்காளர் பதிவாகியிருந்தனர். 1900இல் எஞ்சியவர் 5,320 பேர்.

நீதிமன்றம் என் செய்தது? 1898இல் மிசிசிப்பிச் சட்டத்தை ஆராய்ந்த அமெரிக்க உயர் நீதிமன்றம், சட்டத்தின் சொற்களில் எவருக்கும் எதிரான பாகுபாடு இல்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. பாட்டன் விதி 1915இல் வீழ்ந்தது. எழுத்தறிவுச் சோதனையோ வீழவில்லை. 1959இல் வட கரோலைனாவின் நோர்தம்டன் கவுண்டியிலிருந்து லாசிற்றர் என்னும் கறுப்பினப் பெண்மணி கொணர்ந்த வழக்கிலும், தாராள மனம் படைத்தவர் என்று புகழ்பெற்ற நீதியரசர் டக்ளஸ் எழுதிய தீர்ப்பில், நீதிமன்றம் ஒருமுகமாக அச் சோதனை செல்லும் என்றது. வாக்காளருக்கு எழுத்தறிவு வேண்டும் என்று ஒரு மாநிலம் கருதுவது நியாயமே என்றார்கள். அக் கொள்கை தனியே நின்றால் நியாயம் போலத்தான் தோன்றும். எழுத்தறிவைக் குற்றமாக்கிய சட்டம் அதே மாநிலத்தின் பழைய ஏட்டில் இருந்ததை நினைவிற் கொள்ளும்போதுதான் அதன் கோரம் தெரியும். அச் சோதனைகளை நீதிபதிகள் நீக்கவில்லை. அலபாமாவின் செல்மாப் பாலத்தில் அடியுண்டவர்களின் இரத்தத்துக்குப் பின், 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்தான் அவற்றை நிறுத்தி வைத்தது. 1970இல் நாடு முழுவதும் நிறுத்தியது. 1975இல் நிரந்தரமாக ஒழித்தது.

இனி ஹார்வட்டுக்கு வருவோம். 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கொண்டாடுவோர் முக்கியமாக அறிய வேண்டியது இதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வட் பொதுப் பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு மாணவரைச் சேர்க்கத் தலைப்பட்டது. கிழக்கு ஐரோப்பாவினின்றும் வறுமையோடு வந்திறங்கிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பரீட்சையில் முன்னணியில் வந்தார்கள். 1900இல் நூற்றுக்கு 7 அளவில் இருந்த யூத மாணவர் தொகை 1922இல் நூற்றுக்கு 21ஐத் தாண்டியது. சர்வகலாசாலைத் தலைவர் லோவெலுக்கு நித்திரை போயிற்று. யூதருக்கு நூற்றுக்கு 15 என்று வரையறை விதிக்க வேண்டும் என்றார். வெளிப்படையான வரையறைக்கு எதிர்ப்புக் கிளம்பவே, 1923இல் அது கைவிடப்பட்டது. 1926இல் வேறு வழி காணப்பட்டது. பரீட்சைப் புள்ளி மட்டும் போதாது; "குணநலம்" வேண்டும், "ஆளுமை" வேண்டும், நேர்முகம் வேண்டும், புகைப்படம் வேண்டும் என்றார்கள். விண்ணப்பதாரியின் பெயரோ தந்தையின் பெயரோ எப்போதாவது மாற்றப்பட்டதா என்ற கேள்வியும் விண்ணப்பப் பத்திரத்தில் ஏறியது. சில ஆண்டுகளுக்குள் யூத மாணவர் தொகை நூற்றுக்கு 15க்கும் கீழே இறங்கியது. எந்த அளவுகோலால் அளந்தால் வேண்டாதவர் வெல்கிறார்களோ, அந்த அளவுகோலை முறித்துவிட்டு வேறொன்றை வெட்டிக்கொள்! லோவெலும் சட்டம் பயின்றவரே.

பழைய மாணவரின் பிள்ளைகளுக்குச் சலுகை என்னும் வழக்கமும் அவ்வாறான சர்வகலாசாலைகளில் அக் காலத்திலேயே வேரூன்றியது. யூதப் பையனின் தந்தை ஹார்வட்டிற் படித்தவரல்லவே!

பின்னர் வந்த கோனன்ற் என்னும் தலைவர் ஜெபர்சனின் கனவை மீட்கப் போவதாகச் சொன்னார். 1934இல் நாடளாவிய புலமைப் பரிசில் திட்டம் ஒன்றைத் தொடங்கி, நாட்டுப்புறத்துக் கெட்டிக்காரரைக் கண்டெடுக்க உளச்சார்புப் பரீட்சையைப் பயன்படுத்தினார். அவர் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அப் பரீட்சையின் பூர்வீகத்தை மறைக்கவும் முடியாது. முதல் உலகப் போரில் 17 இலட்சம் வரையான படைவீரரைச் சோதித்த புத்திப் பரீட்சையில் இருந்து பிறந்தது அது. அதன் தந்தையாகிய பிறின்ஸ்டன் பேராசிரியர் கார்ல் பிறிகம், 1923இல் வெளியிட்ட நூலில், வட ஐரோப்பியரே அறிவிற் சிறந்தவர், ஏனையோரின் வரவால் அமெரிக்கரின் அறிவு தேய்கிறது என்று எழுதியவர். மூன்றாண்டுகள் கழித்து, 1926 ஜூனில், அவர் அமைத்த உளச்சார்புப் பரீட்சையை எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் முதன்முதலாக எழுதினர். 1930இல் தம் முடிபுகளுக்கு ஆதாரமில்லை என்று அவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அதற்குள் நிறைவேறிவிட்டது.

"தகுதியாட்சி" என்ற சொல்லை உலகெங்கும் பரப்பிய மைக்கல் யங் என்னும் ஆங்கிலேயர், 1958இல் தாம் எழுதிய நூலில் அதனைக் கேலிப் பொருளாகவே படைத்தார் என்பதை இங்கே ஒரு பக்கக் குறிப்பாகச் சொல்லி வைப்போம். கேலியை விளங்காமல் அச் சொல்லை அரசியல்வாதிகள் புகழ்மாலையாகச் சூடிக்கொண்டதைக் கண்டு, 2001இல் அம் முதியவர் பகிரங்கமாகவே வருந்தினார்.

இவ்வளவு இருளில் ஓர் ஒளிக்கீற்று உண்டு. சட்டம் படித்தவன் என்ற முறையில் அதைச் சற்று விரித்துச் சொல்வது நம் கடமை. வட கரோலைனாவில் டியூக் பவர் என்னும் மின்சாரக் கம்பனியின் டான் நதி நிலையத்தில் 95 தொழிலாளர் வேலை செய்தனர். அவர்களிற் கறுப்பினத்தவர் 14 பேர். கூலிப் பகுதியில் மட்டுமே அவர்களுக்கு இடம் இருந்தது. அப் பகுதியின் ஆகக் கூடிய சம்பளம் ஏனைய பகுதிகளின் ஆகக் குறைந்த சம்பளத்திலும் குறைந்தது. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் தொழிற் பாகுபாட்டுத் தடை 1965 ஜூலை 2ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பனி ஒரு புதிய விதியைக் கொணர்ந்தது. நல்ல பகுதிகளில் புதிதாகச் சேர விரும்புவோர் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் பெற்றிருப்பதோடு, ஒரு புத்திப் பரீட்சையிலும் ஒரு பொறியறிவுப் பரீட்சையிலும் சித்தியெய்த வேண்டும். 1960ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அம் மாநிலத்தில் உயர்தரப் பாடசாலை முடித்த வெள்ளை ஆடவர் நூற்றுக்கு 34. கறுப்பின ஆடவர் நூற்றுக்கு 12. ஆனால் சான்றிதழும் பரீட்சையும் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அவ் வேலைகளைக் குறைவறச் செய்துகொண்டிருந்தார்கள்! அப்படியாயின் அப் பரீட்சை எதை அளந்தது?

பதின்மூவர் வழக்குத் தொடுத்தனர். 1971 மார்ச் 8ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் புரட்சிக்காரரல்லர், நிக்சன் நியமித்த பிரதம நீதியரசர் பேர்கர். ஈசாப்பின் நரியையும் கொக்கையும் அவர் தம் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார். இருவருக்கும் ஒரே பால் என்று சொல்லிவிட்டு ஒருவருக்குப் பயன்படாத பாத்திரத்தில் வைப்பது சமத்துவமாகாது. பாத்திரம் எல்லாரும் உண்ணத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது அவர் விளக்கம். கம்பனியின் உள்நோக்கம் நல்லதோ தீயதோ, அது கேள்வியன்று. ஒரு பரீட்சை ஒரு கூட்டத்தாரைப் பெருமளவில் வெளியே தள்ளுமாயின், அப் பரீட்சை அந்த வேலைக்குத் தேவையானதென்று நிரூபிக்கும் பாரம் பரீட்சை வைப்பவன் மீதே என்றார். கிறிக்ஸ் வழக்கு என்று சட்ட உலகு இதனைச் சொல்லும். தகுதியை இவ் வழக்கு ஒழிக்கவில்லை. தகுதியைத் தன் தகுதியை நிரூபிக்கச் சொன்னது!

இந்தப் பின்னணியோடு 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படியுங்கள். கறுப்பின மாணவருக்குக் கிடைத்த சிறு அனுகூலம் நீக்கப்பட்டது. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் நன்கொடையாளரின் பிள்ளைகளுக்கும் கிடைத்த அனுகூலத்தை அத் தீர்ப்பு நீக்கவில்லை. அவ் வழக்கில் வெளிப்பட்ட ஆவணங்களைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, ஹார்வட்டில் இடம் பெற்ற வெள்ளை மாணவருள் நூற்றுக்கு 43க்கு மேற்பட்டோர் விளையாட்டு வீரர், பழைய மாணவரின் பிள்ளைகள், ஆசிரியரின் பிள்ளைகள், தலைமையின் தனிப்பட்டியலில் ஏறியவர் என்னும் வகைகளுள் அடங்கினர் என்பது தெரிந்தது. மேலும் ஒரு வேடிக்கை. அத் தீர்ப்பின் நான்காம் அடிக்குறிப்பு இராணுவக் கல்லூரிகளைப் பற்றி நாம் ஒன்றும் தீர்க்கவில்லை என்று சொல்லி விலகிக்கொள்கிறது. போர்க்களத்துக்கு அனுப்பும்போது மாத்திரம் எல்லா இனமும் வேண்டும் போலும்!

2025இல் நடந்ததையும் பாருங்கள். ஜனவரி 20ஆந் திகதி ஜனாதிபதி ட்றம்ப் பிறப்பித்த கட்டளை, கொள்கை வகுப்பில் தொடர்புள்ள உத்தியோகத்தரைச் சுலபமாக நீக்க வழி வகுத்தது. பென்டில்டன் சட்டம் கட்டிய மதிலில் அது கன்னம் வைத்தது. மறுநாட் கட்டளையோ, தகுதிவழி வாய்ப்பை மீட்டல் என்று தன் தலைப்பிலேயே பறைசாற்றி, ஜோன்சன் 1965இல் பிறப்பித்த சமவாய்ப்புக் கட்டளையை இரத்துச் செய்தது. ஏப்ரல் 23ஆந் திகதி இன்னொரு கட்டளை. அதன் தலைப்பிலும் தகுதியாட்சி உண்டு. அதன் இலக்கு யாது? விளைவைக் கொண்டு பாகுபாட்டைக் காணும் கிறிக்ஸ் கொள்கையை அரசாங்க இலாகாக்கள் நடைமுறைப்படுத்தாமல் தடுப்பது! தகுதியின் பெயரால், தகுதியைக் கேள்வி கேட்கும் உரிமை பறிக்கப்படுகிறது.

கடல் கடந்து அமெரிக்காவில் வாழும் நம் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. "நாங்கள் தகுதியால் வந்தோம்" என்கிறீர்கள். உங்கள் தகுதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியை விலக்கப்பட்ட வலயமாக்கியது. அமெரிக்கப் படையிற் சேவை செய்த பகத் சிங் திந்த் என்பவர் வெள்ளையரல்லர் என்று சொல்லி 1923இல் உயர் நீதிமன்றம் அவருக்குப் பிரசாவுரிமை இல்லையென்றது. அன்று நம் நாட்டில் வைத்தியர்களும் கெட்டிக்காரர்களும் இல்லையா? கதவைத் திறந்தது 1965 ஒக்டோபரில் கைச்சாத்தான குடிவரவுச் சட்டம். அதனை நிறைவேற்றிய காங்கிரஸ்தான் இரு மாதங்களுக்கு முன் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. கறுப்பின மக்கள் அடி வாங்கித் திறந்த கதவினூடே நடந்து வந்தவர்கள், உள்ளே வந்ததும் அவர்கள் முகத்துக்கெதிரே அதைச் சாத்த உதவுவது எந்தத் தகுதி?

"அப்படியானால் தரப்படுத்தல் சரியென்கிறீரா?" என்று உடனே கேட்பார்கள். இல்லவே இல்லை! 1971இல் தமிழ் மொழி மூலம் தோற்றிய மாணவன் வைத்திய பீடம் புக 400க்கு 250 புள்ளி பெற வேண்டியிருந்தது; சிங்கள மொழி மூலம் தோற்றியவனுக்கு 229 போதும். அதற்கும் அமெரிக்கக் கறுப்பின மாணவருக்கு நீட்டிய கைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆட்சியைக் கையில் வைத்திருக்கும் பெரும்பான்மை தனக்குத்தானே புள்ளி போட்டுக்கொள்வது ஒன்று. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்குத் தாமதமாக வழி விடுவது மற்றொன்று. தரப்படுத்தலுக்குச் சரியான அமெரிக்க ஒப்புமை 1978ஆம் ஆண்டுப் பக்கி வழக்கன்று. லோவெலின் 1926ஆம் ஆண்டு ஹார்வட்தான். வேண்டாதவர் வெல்கிறார்கள், அளவுகோலை மாற்று!

அதே மூச்சில் நம் வீட்டுக் குப்பையையும் கிளற வேண்டும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் இழந்தது. மன்னாரும் வவுனியாவும் முன் காணாத வாய்ப்பைக் கண்டன. நல்ல ஆய்வுகூடமும் தேர்ந்த ஆசிரியரும் கொண்ட கல்லூரியிற் கற்றவன் பெற்ற புள்ளியையும், விஞ்ஞான ஆசிரியரே இல்லாத வன்னிப் பாடசாலையிற் கற்றவன் பெற்ற புள்ளியையும் ஒரே தராசில் நிறுத்து இதுதான் தகுதி என்று நம்மவரே முழங்கினால், அடம்ஸ் கிழவர் சிரிக்கமாட்டாரா?

நமக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தீர்ப்பு வேண்டுமாயின், 2023ஐ விடுங்கள், 1971ஐ எடுங்கள். கிறிக்ஸ் தொழிலாளர் கேட்ட கேள்வியை அவர்களுக்கு முன்பே நம் நாட்டில் ஓர் எழுதுநர் கேட்டார். சிங்களம் மட்டும் சட்டத்துக்கு முன்பே அரசாங்க சேவையிற் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தவர் கோடீஸ்வரன். 1962 ஏப்ரலில் அவருக்கு உரிய சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. காரணம் வேலையிற் குறையன்று. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் அவர் தேறாமை. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், அரசகரும மொழிச் சட்டம் சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின் மீது வழக்காடவே முடியாது என்று சொல்லி மொழிக் கேள்வியைத் தொடாமல் விட்டது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில், வழக்காடலாம், 29ஆம் பிரிவுக் கேள்வியைத் தீர்த்து வையுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையிடும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆந் திகதி வந்த குடியரசு அரசியல் திட்டத்தில் 29ஆம் பிரிவு இல்லை. அந்த எழுதுநரின் வேலைக்கு அப் பரீட்சை எதற்கு என்ற கேள்விக்கு இந் நாட்டு உயர் நீதிமன்றம் இன்றுவரை விடை சொல்லவில்லை.